வருகலாமோ என்று கேட்காத பாட்டு

"இசைக்குச் சாதி கிடையாது" என்று யாராவது பேச ஆரம்பித்தால் எங்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் சொல்பவர் சாதியால் எதையும் இழக்காதவராக இருப்பார். அதற்கு எதிர்ப்பக்கம் நின்று "எங்க பாட்டு மேல கை வைக்காதீங்க" என்று சொல்லும் நம் பிள்ளைகளின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தோடு நின்றுவிட்டால், பாடுகிறவரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, கேட்கிறவரைச் சும்மா விட்டுவிடுகிறோம். நாங்கள் எழுத நினைப்பது கேட்கிறவர்களைப் பற்றி.

பேச்சு ஒரு அயர்லாந்துப் பாடகியிலிருந்து தொடங்கியது. பெயர் ஷினேட் ஓ'கானர். 2023 ஜூலையில் இறந்துபோனார். மொட்டைத் தலையும் பெரிய கண்களுமாக, கத்திபோன்ற குரல் கொண்டவர். 2005இல் அவர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் உள்ள டஃப் காங் ஸ்டுடியோவுக்குப் போய், ஸ்லை டன்பார், ராபி ஷேக்ஸ்பியர் என்ற இரண்டு பெரிய ரெக்கே கலைஞர்களின் தயாரிப்பில் 'த்ரோ டவுன் யுவர் ஆர்ம்ஸ்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில் ஒரு பாட்டுகூட அவர் எழுதியது இல்லை. பர்னிங் ஸ்பியர், பீட்டர் டோஷ், பாப் மார்லி, லீ பெர்ரி, அபிசீனியன்ஸ் என்று எல்லாமே ஜமைக்காவின் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள், பெரும்பாலும் 1970களில் வந்தவை. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கிங்ஸ்டனின் சேரிகளில் உருவாக்கிய இசை அது. அதை ஒரு வெள்ளைக்காரப் பெண் முழு ஆல்பமாகப் பாடினால் எப்படி எடுத்துக்கொள்வது?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஏதாவது பார்ப்போம், கேட்போம், சண்டை போடுவோம். அப்படி ஒரு ஞாயிறு இந்த ஆல்பத்தைப் போட்டோம். ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன்கள், கல்லூரிப் பெண்கள், கூலி நெசவுக்குப் போகும் இரண்டு அக்காமார், பறை அடிக்கும் பெரியவர் ஒருவர் என இருபது பேர் இருக்கும்.

"அக்கா, சர்ச்சுல பாடுற மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். இன்னொருவன் போனில் பர்னிங் ஸ்பியரின் படத்தைத் தேடி எடுத்து, "இவரு நம்ம ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல உக்காந்திருக்கிற சாமியார் மாதிரியே இருக்காரு" என்று எல்லோருக்கும் காட்டினான். சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் ஒரு விஷயம் சொன்னோம்: 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜமைக்காக்காரர்கள் கஞ்சாவை இன்றும் கஞ்சா என்றே சொல்வதற்கு அவர்கள்தான் காரணம். அது வரைக்கும் எங்கோ இருந்த தீவு, அதற்குப் பிறகு கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

சண்டை வந்தது மூன்றாவது பாட்டில். "அந்த ஆளுங்க பாட்டை அவங்களே பாடி வச்சிருக்காங்க இல்ல, இவங்க எதுக்கு திரும்பப் பாடணும்? மாத்திக்கூட பாடல, அப்படியே பாடி வச்சிருக்காங்க" என்று ஒரு தம்பி கேட்டான். மூலப் பாட்டுகளையும் அவன் போனில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கல்லூரிப் பெண் ஒருவர், "அவங்க ஊரையும் வெள்ளைக்காரன்தானே ஆண்டான், அவங்களுக்கும் வலி தெரியும்" என்றார். இந்த வாதத்தை நாங்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அயர்லாந்து பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் காலடியில் கிடந்தது உண்மை. அயர்லாந்துக்காரர்கள் கரீபியன் தீவுகளுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டதும் உண்மை. அதே தீவுகளில், மாண்ட்செராட் போன்ற இடங்களில், அயர்லாந்துக்காரர்களே தோட்ட முதலாளிகளாகி கறுப்பினத்தவரை அடிமைகளாக வைத்திருந்ததும் உண்மை. ஒப்பந்தக் கூலிக்கு ஒரு நாள் ஒப்பந்தம் முடியும். அடிமையின் பிள்ளை பிறக்கும்போதே அடிமை. நம் ஊரில் இடைநிலைச் சாதிக்காரர் "நாங்களும்தான் ஒடுக்கப்பட்டோம்" என்று சொல்லும்போது நாம் என்ன பதில் சொல்வோமோ, அதே பதில்தான் இங்கும். ஆமாம் ஐயா, ஆனால் எங்கள் முதுகின் மேல் நின்றுகொண்டு.

ஆகவே 'அவருக்கும் வலி தெரியும்' என்பதை மட்டும் வைத்து ஷினேடுக்கு நாங்கள் சான்றிதழ் கொடுக்கவில்லை.

ஆனால் 'கர்லி லாக்ஸ்' வந்தபோது அறை அமைதியாகிவிட்டது. ஜூனியர் பைல்ஸ் முதலில் பாடிய பாட்டு அது. சடைமுடி வளர்த்த ஒருவன் தான் விரும்பும் பெண்ணிடம் பேசுகிறான். அவன் ராஸ்தா என்பதால் பெண்ணின் அப்பா அவனோடு பழகக்கூடாது என்கிறார். கதை இவ்வளவுதான். நாங்கள் விளக்கி முடிக்கும் முன்பே, "இது நம்ம கதை" என்று ஒரு குரல் வந்தது. தர்மபுரி இளவரசன், ஓமலூர் கோகுல்ராஜ், உடுமலைப்பேட்டை சங்கர் என்ற பெயர்களோடு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தின் அருகே சங்கரை வெட்டியதை சிசிடிவி காட்சியில் பார்த்தபோது இதில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னது, அதுவரை வாயே திறக்காத ஒரு தங்கச்சி. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜூனியர் பைல்ஸ் பாடினால் அது தடுக்கப்பட்ட ஆணின் குரல். ஒரு பெண் பாடும்போது, அந்தத் தடையை அப்பா வீட்டுப் பக்கத்திலிருந்தே ஒருத்தி கேள்வி கேட்பது போல ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் குரலால் ஆகக்கூடிய வேலை ஏதாவது உண்டென்றால் இதுதான் என்று எங்களுக்குப் பட்டது. நம் வலியை நமக்கே திரும்பப் பாடிக் காட்டுவதில் பெரிய பயன் இல்லை. தன் வீட்டு ஆட்களின் காதில் அதைப் போடட்டும்.

போட்டால் என்ன ஆகும் என்பதும் ஷினேடின் கதையிலேயே இருக்கிறது. 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவில் நேரலை தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாப் மார்லியின் 'வார்' பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் சபையில் இனவெறிக்கு எதிராகப் பேசிய உரையிலிருந்து பிறந்த பாட்டு அது. அதைக் குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கு எதிராகத் திருப்பிப் பாடி, முடிவில் போப்பாண்டவரின் படத்தைக் கிழித்துப்போட்டார். இரண்டு வாரத்தில் நியூயார்க்கில் பாப் டிலான் கௌரவ நிகழ்ச்சி மேடையில் ஏறியபோது பெருங்கூட்டம் ஊளையிட்டது. ஒத்திகை பார்த்திருந்த பாட்டை விட்டுவிட்டு, அதே 'வார்' பாட்டை ஊளைக்கு நடுவே கத்திப் பாடிவிட்டு இறங்கினார். அமெரிக்காவில் அவர் ஏறிய உயரத்துக்கு மறுபடி அவரால் போக முடியவில்லை. அயர்லாந்தின் திருச்சபை நிறுவனங்களில் குழந்தைகள் சிதைக்கப்பட்டதைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கை 2009இல் வந்தபோது அவர் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டது. 17 ஆண்டுகள் கழித்து.

அப்படி விலை கொடுத்தவர் 13 ஆண்டுகள் கழித்து கிங்ஸ்டனுக்குப் போய் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக மறுபடி 'வார்' பாடும்போது, அதை வெறும் 'கவர்' என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆல்பத்தின் லாபத்தில் ஒரு பகுதியை ஜமைக்காவின் மூத்த ராஸ்தாக்களுக்கு ஒதுக்கினார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒடுக்கப்பட்டவரின் குரலில் பிறர் பாடுவது தமிழுக்குப் புதிதா? கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதினார். நல்ல மனதோடுதான் எழுதினார். சேக்கிழாரிடம் இல்லாத பிராமணப் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்து, நந்தனின் கூலி வாழ்க்கையைக் காட்டியதும் அவர்தான். அதிலிருந்து மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' என்று எடுத்தால் இன்றைக்கும் சபாக்களில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடிக்க 1 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பது சினிமா வரலாறு. 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடினார். ஊர் ஊராக அழுதார்கள். அந்த 1935இல் நம் ஆட்களால் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. அதற்கு 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. கொட்டகையில் அழுதவர்களும் கோயில் வாசலில் மறித்தவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்களா?

பாட்டின் பெயரையே பாருங்கள். 'வருகலாமோ' என்பது அனுமதி கேட்கும் சொல். நந்தன் கேட்டுக்கொண்டே இருப்பான், கேட்பவர் உருகிக்கொண்டே இருப்பார், கதவு கடைசியில் நெருப்பு வழியாகத்தான் திறக்கும். ஷினேட் தேர்ந்தெடுத்த பாட்டுகள் அப்படி இல்லை. பர்னிங் ஸ்பியரின் 'டோர் பீப்' பாட்டில் வாசல் அவர்களுடையது. எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவன்தான் வெளியாள். பீட்டர் டோஷின் 'டவுன்பிரஸர் மேன்' என்ற தலைப்பே ஒரு தாக்குதல். ஒடுக்குபவரைக் குறிக்கும் 'ஆப்ரஸர்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'அப்', அதாவது மேலே, என்ற ஒலி கேட்கிறதாம். கீழே அழுத்துகிறவனுக்கு அந்த மரியாதை எதற்கு என்று ராஸ்தாக்கள் அதை 'டவுன்' ஆக்கிவிட்டார்கள். மதுராந்தகம் பக்கத்து கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்ததை நினைத்துக்கொண்டோம். பழிச்சொல்லை எடுத்துத் தன் கொடியாக்குவதும், எதிரியின் சொல்லைத் திருகிப் போடுவதும் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

வெளியிலிருந்து பாட வருகிறவர் எந்தப் பாட்டை எடுக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிறோம். நம் கெஞ்சலையா, கேள்வியையா? கெஞ்சலை யார் பாடினாலும் கேட்பவருக்குச் செலவில்லை.

எங்கள் காஞ்சிபுரத்திலேயே இதைவிடப் பழைய 'கவர்' ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. திருப்பாணாழ்வார் பாணர். தீண்டத்தகாதவர் என்று திருவரங்கக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், கல்லடி பட்டவர் என்பது வைணவர்களே சொல்லும் கதை. அவர் பாடிய பத்துப் பாசுரங்கள், 'அமலனாதிபிரான்', நாலாயிரத்தில் இருக்கின்றன. காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் அந்தப் பத்துக்கும் 'முனிவாகன போகம்' என்று உரை எழுதினார். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தத்தை எந்தக் கோஷ்டி முன்னால் நின்று சொல்வது என்று வடகலையும் தென்கலையும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கோர்ட் படி ஏறி இறங்குகிறார்கள். போலீஸ் பாதுகாப்போடு பாசுரம் சொன்ன நாட்களும் உண்டு. பாணரின் பாட்டைச் சொல்லும் உரிமைக்காக நடக்கும் இந்தச் சண்டையில், பாணரின் ஆட்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சாட்சியாகக்கூட யாரும் கூப்பிடவில்லை.

பழசை விடுங்கள் என்பீர்கள். சரி. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதியது. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. யூடியூபில் 40 கோடிக்கும் மேல் பார்வைகள். கல்யாண ரிசப்ஷனில், கல்லூரி விழாவில், ரீல்ஸில் என்று ஆடாத இடமில்லை. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு வரிகள் எழுதிய இன்னொரு பாட்டைப் பாடிய ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு, தனியாக அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. தீயும் சந்தோஷ் நாராயணனும் அறிவின் பங்கை எப்போதும் சொல்லியே வந்திருக்கிறோம் என்றார்கள். அவர்களை இங்கே விசாரிப்பது எங்கள் நோக்கமில்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

எங்களைக் கவலைப்படுத்தியது கேட்டவர்களின் எதிர்வினைதான். அறிவு தன் பக்கத்தை எழுதியபோது, "நல்ல பாட்டுக்குள்ள ஏன் சாதியைக் கொண்டுவர்றீங்க" என்று கேட்டவர்கள் எத்தனை பேர். நிலமில்லாமல் ஆக்கப்பட்டவர்களின் பாட்டு அது. சாதியை வெளியே எடுத்துவிட்டால் அதில் மீதி என்ன இருக்கும், தாளம் மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் போல.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. சேலைப் பெட்டியின் மேல் கடையின் பெயர் இருக்கும், புவிசார் குறியீடு இருக்கும். கோர்வை போட்டவர் பெயரோ, தறியின் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியவர் பெயரோ எந்த மடிப்பிலும் இருக்காது. பெயர் போனால் கூலிப் பேச்சும் போய்விடும். எங்களோடு பாட்டு கேட்ட நெசவுக்கார அக்கா அறிவு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட்டையில பேரு போடலன்னா கணக்குலயும் போடமாட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாற்று உதாரணங்கள் இல்லாமல் இல்லை. 'மனுசங்கடா' எழுதிய இன்குலாப் தலித் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடி நம் இயக்கத்தின் பாட்டாக்கினார். எழுதியவர் ஒருபோதும் அதற்கு முன்னால் வந்து நிற்கவில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, வித்வான்களின் கைக்குக் கொடுத்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பெயர் சொல்லி எழுதிய புத்தகம். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த இடத்தை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கிருஷ்ணாவைக் கொண்டாடும் நண்பர்கள் அவர் குப்பத்தில் கச்சேரி செய்ததையே பெரிதாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயர்ப் பட்டியல் பெரிது.

அன்று கடைசியாகப் பேசியவர் பறைப் பெரியவர். ஆல்பம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். "அடி நல்லா இருக்கு. நம்மளுது மாதிரி ஓட்டம் இல்ல, நின்னு நின்னு விழுது" என்றார். வெள்ளைக்காரப் பெண் பாடியதைப் பற்றிக் கேட்டோம். "பாடட்டுமே. அந்த ஊருக்குப் போய், அந்த ஆளுங்களையே வாசிக்க வச்சிதானே பாடியிருக்குது? இங்க சென்னைல இருந்து பசங்க வராங்க, ரெண்டு நாள் பறை கத்துக்கறாங்க, போட்டோ எடுத்துக்கறாங்க. நல்ல பசங்கதான். ஆனா அவங்க அடிச்சா கலைன்றாங்க. நான் அடிச்சா, எந்த ஊட்ல சாவுன்னு கேக்கறாங்க."

இந்தப் பேச்சு நடந்த சில வாரங்களில், பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பெரியவரின் குழுவை சமத்துவப் பொங்கலுக்கு அழைத்தார்கள். பயிற்சிப் பட்டறையில் பறை கற்ற மாணவர்களும் கூட நின்று அடிப்பார்களாம். பெரியவர் எங்களைக் கூப்பிட்டு நான்கு விஷயம் எழுதச் சொன்னார். குழுவில் உள்ள ஏழு பேரின் பெயரும் அழைப்பிதழில் வர வேண்டும், 'பறையாட்டக் குழு' என்று மொத்தமாகப் போடக்கூடாது. பணம் முன்கூட்டியே வேண்டும். சாப்பாடு எல்லோருடனும் ஒரே பந்தியில். நான்காவதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்: மாணவர்கள் தாராளமாகக் கூட அடிக்கட்டும், ஆனால் ஆட்டத்துக்கான அடியை மட்டும் இல்லாமல் சாவுக்கு அடிக்கும் அடியையும் வந்து கற்றுக்கொள்ள வேண்டும், காலனிக்கே வந்து.

பணத்துக்கும் பந்திக்கும் கல்லூரியில் ஒத்துக்கொண்டார்கள். மாணவர்கள் மூன்று பேர் இரண்டு ஞாயிறாகக் காலனிக்கு வருகிறார்கள். பெயர்களைப் பற்றி மட்டும், 'இடம் பற்றாது' என்று பதில் வந்திருக்கிறது. அதே அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர்கள் பதினொரு பேர். அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை.